புல் மட்டும் போதுமா?

“புல்தானே!” என்று ஏளனமாகச் சொல்வோர் உண்டு. விடியுமுன் எழுந்து, இரண்டு மாடுகளைக் கறந்து, பால் பாத்திரத்தோடு கூட்டுறவுச் சங்கத்து வாசலில் வரிசையில் நிற்கும் தாயைக் கேளுங்கள். அந்தப் புல்தான் அவள் வீட்டு அடுப்பு. அந்தப் புல்தான் அவள் பிள்ளையின் பள்ளிக்கூடம்!

சங்கத்திலே பாலின் அளவை மட்டுமா பார்க்கிறார்கள்? கொழுப்பையும் மற்றச் சத்தையும் அளந்தல்லவா விலை போடுகிறார்கள்! மாடு மெலிந்தால் பால் குறைகிறது; பால் குறைந்தால் காசு குறைகிறது. அதை ஈடுகட்டப் புண்ணாக்கு வாங்கினாலோ, பால் விற்ற பணம் புண்ணாக்குக் கடைக்கே போய்ச் சேருகிறது. உழைப்பு அவளுடையது, ஊதியம் யாருக்கோ!

இதற்கு வழி அவள் தோட்டத்திலேயே இருக்கிறது என்கிறோம் நாம். புல்லைத் தனியே வளர்க்காதீர்கள். பயறுவகைத் தீவனத்தைத் துணை சேர்த்து வளருங்கள்!

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் பெருமையை மறுப்பாரில்லை. கரணை நட்ட இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு; பிறகு 45 நாளுக்கு ஓர் அறுப்பு. மாட்டின் வயிறு நிறைகிறது. ஆனால், வயிறு நிறைவது வேறு, சத்துச் சேர்வது வேறு. காயவைத்து எடைபோட்டால், இந்தப் புல்லில் புரதம் நூற்றுக்கு 10 பங்கு அளவில்தான்; வேலிமசாலிலோ ஏறத்தாழ 20 பங்கு! மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் நட்டு, இரண்டையும் அறுத்துக் கலந்து போடுங்கள் என்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சொல்வது இதனால்தான். மானாவாரி நிலமானால், கொழுக்கட்டைப்புல்லுக்கு முயல்மசால் துணை.

மண்ணுக்கும் இதனால் நன்மை உண்டு. புல் தழைச்சத்தை மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது. பயறுவகைச் செடியோ, தன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலிருந்தே அதைப் பெறுகிறது. ஜெர்மன் ஆராய்ச்சியாளர் ஹெல்ரீகல் 1886இல் இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டினார். அந்தச் சத்து அன்றைக்கே புல்லுக்குப் போய்விடாது. இலை உதிர்ந்து, வேர் மக்கி, மாடு தின்று சாணமாகித் திரும்பும்போதுதான் போய்ச் சேரும். ஆகவே, எரு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யூரியா மூட்டையே கதி என்றிருக்க வேண்டாம் என்கிறோம்.

இது புதிதா? இல்லை! காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காட்டைப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் முள்கிளுவை வேலி, இடையிடையே வெள்வேல மரம், தரையிலே கொழுக்கட்டைப்புல், அதனூடே நரிப்பயறு. மழை குறைந்த அந்த மண்ணிலேதான் காங்கயம் காளை திமில் நிமிர்த்தி நின்றது. அந்த உழவர்கள் ஏட்டைப் பார்த்து அறிந்தவர்களல்லர்; மாட்டைப் பார்த்து அறிந்தவர்கள்! இன்று அந்தக் காடுகளிலே வீட்டுமனைக் கற்கள் முளைக்கின்றன. கல்லை மாடு தின்னுமா?

“சோறு விளையும் நிலத்தில் புல்லா?” என்று கேட்பார்கள். நெல் வயலை நாம் கேட்கவில்லை. வாய்க்கால் கரை, தென்னையின் இடைவெளி, தரிசாய்க் கிடக்கும் மேடு, இவை போதும் தொடங்குவதற்கு.

ஆட்சியாளரிடம் நாம் கேட்பது பெரிதல்ல. புல் கரணை கொடுக்கும் கை, மசால் விதையையும் சேர்த்துக் கொடுக்கட்டும். பால் வாங்கும் சங்கத்திலேயே அது கிடைக்கட்டும். அதன் தோல் கடினமானது. வெந்நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து விதைக்கவேண்டும். இதை வீட்டு வாசலுக்கு வந்து சொல்ல ஆள் அனுப்பட்டும். கொரங்காடுகளைக் காப்பவருக்குக் கைகொடுக்கட்டும்.

தோழர்களே! புல்லும் பயறும் ஒரே மண்ணில் ஒன்றுக்கொன்று துணையாய் வாழ்கின்றன. வரிசையில் நிற்கும் அந்தத் தாய்க்குத் துணை யார்? நாமல்லவா!