சம்மதம் கேட்பவருக்கு என்ன லாபம்?

மல்லேஸ்வரத்தில் அலுவலகம் வைத்திருந்த 'சிலுமே' என்னும் அறக்கட்டளையைப் பெங்களூர்வாசிகள் பலர் இதற்குள் மறந்திருக்கக்கூடும். கன்னடத்தில் சிலுமே என்றால் ஊற்று. 2022 ஆகஸ்டில் இந்த ஸ்தாபனத்துக்கு மாநகராட்சி ஓர் அனுமதி வழங்கியது. வீடு வீடாகச் சென்று வாக்காளர் பட்டியலைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மாநகராட்சி அதற்குக் காசு தர வேண்டியதில்லை. முழுக்க முழுக்க இலவச சேவை என்பது ஏற்பாடு. வாசலில் வந்து நின்றவர்கள் வாக்குச்சாவடி அதிகாரிகளுக்குரிய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள் என்றும், பெயர், விலாசத்தோடு நில்லாமல் தாய்மொழி என்ன, கல்யாணம் ஆயிற்றா, ஆதார் எண் என்ன, வாக்காளர் அட்டை எண் என்ன என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள் என்றும் அவ்வாண்டு நவம்பரில் செய்திகள் வெளியாயின. விடைகள் போய்ச் சேர்ந்தது தேர்தல் கமிஷனின் செயலிக்கு அல்ல. 'டிஜிட்டல் சமீக்ஷா' என்ற தனியார் செயலிக்கு என்பதும் அப்போது வெளிவந்தது.

அனுமதி ரத்தாயிற்று. போலீஸ் வழக்குப் பதிவாயிற்று. இரண்டு உயர் அதிகாரிகளைச் சஸ்பெண்ட் செய்யும்படியும், சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரம் ஆகிய மூன்று தொகுதிகளின் பட்டியலில் நடந்த சேர்ப்பு நீக்கங்களை மறுபடியும் சரிபார்க்கும்படியும் தேர்தல் கமிஷன் உத்தரவிட்டது. வீட்டு வாசலில் பதில் சொன்னவர்கள் யாரும் கட்டாயத்தின்பேரில் சொல்லவில்லை. கேட்டார்கள், சொன்னார்கள். அட்டையைப் பார்த்து, சர்க்கார் காரியம் என்று நம்பிச் சொன்னார்கள். அதற்குப் பெயர் சம்மதமா என்பதுதான் கேள்வி.

தாய்மொழி என்ன என்ற கேள்வி மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் பெங்களூரில் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அது சாதாரணக் கேள்வி அல்ல. எந்தக் கதவுக்குப் பின்னால் எந்த மொழி பேசுகிறார்கள் என்ற ஜாபிதா தனியார் ஒருவர் கையில் இருப்பது நல்லதற்கல்ல. அந்த ஜாபிதா அப்படிப் பயன்பட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை கைமாறிவிட்ட தகவலைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வழி கிடையாது.

மல்லேஸ்வரத்து வாசலில் நடந்தது ஒரு தடவை. சட்டைப் பையில் உள்ள செல்போனில் அது நாள்தோறும் நடக்கிறது. வாசலில் வந்தவரின் முகமாவது தெரிந்தது. இங்கே அதுவும் இல்லை. சம்பிகே ரோட்டில் காய்கறி வாங்கிவிட்டு எட்டாவது கிராஸில் பஸ் ஏறி, யஷ்வந்தபுரம் பட்டறைக்குப் போய், இரவு ஸ்ரீராமபுரம் திரும்புகிற ஒருவரின் அன்றைய நடமாட்டம் முழுவதும் அவர் எப்போதோ இறக்கிக்கொண்ட ஏதோ ஒரு செயலியின் வழியே வெளியே போய்க்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு போனுக்கும் விளம்பரக்காரர்களுக்கென்றே ஓர் அடையாள எண் உண்டு. வெவ்வேறு செயலிகள் அந்த ஒரே எண்ணின் பேரில் தனித்தனியே குறிப்பு எழுதுகின்றன. ஒன்று இருப்பிடத்தை எழுதும். இன்னொன்று வாங்கிய பொருளை எழுதும். மற்றொன்று இரவு எத்தனை மணிவரை விழித்திருந்தார் என்பதை எழுதும். தரகர்கள் இவற்றை ஒட்டுப்போட்டு விற்கிறார்கள். பெயர் இல்லையே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. இரவில் தங்கும் இடமும் பகலில் வேலை பார்க்கும் இடமும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்கப் பெயர் வேண்டியதில்லை.

டார்ச் லைட் அடிப்பதற்கென்று ஒரு செயலி இருந்தது. கோடிக்கணக்கானோர் அதை வைத்திருந்தார்கள். வெளிச்சம் தருவதைத் தவிர அதற்கு வேறு வேலை இருக்க நியாயமில்லை. ஆயினும் அது ஆளின் இருப்பிடத்தையும் போனின் அடையாளத்தையும் விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பி வந்ததாக அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் 2013-ல் குற்றம் சாட்டியது. அதில் இன்னொரு விசேஷம். 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. எதையும் அழுத்துவதற்கு முன்பே தகவல் போகத் தொடங்கிவிட்டது!

இத்தகைய அக்கிரமங்களைத் தடுக்க வந்த காவலர்களாகச் சில பெரிய கம்பெனிகள் தங்களைக் காட்டிக்கொள்கின்றன. 2021 ஏப்ரலில் ஆப்பிள் கம்பெனி தன் ஐபோனில் ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தது. ஒரு செயலி மற்றச் செயலிகளிலும் இணையத்திலும் ஆளைப் பின்தொடர வேண்டுமானால், முன்கூட்டியே ஒரு பெட்டியைக் காட்டி அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் விளம்பர எண் அதற்குக் கிடைக்காது. அந்த ஏற்பாடு வருவதற்கு முன்பே, 2020 டிசம்பரில், அமெரிக்கப் பெரும் பத்திரிகைகளில் ஃபேஸ்புக் முழுப்பக்க விளம்பரம் போட்டுச் சிறு வியாபாரிகள் அழிந்துவிடுவார்கள் என்று புலம்பியது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. இந்த ஏற்பாட்டினால் 2022-ல் தனக்கு ஏறக்குறைய 1,000 கோடி டாலர் வருமானம் குறையக்கூடும் என்று அக்கம்பெனியே பின்னர் கணக்குச் சொன்னது. பின்தொடர்வதில் எவ்வளவு பணம் புரள்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

அனுமதி கேட்க வைத்தது நல்ல காரியம்தான். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாசலில் நிறுத்தப்பட்ட காவலாளியும் உள்ளே கடை வைத்திருக்கிறார் என்பதை மறந்துவிடலாகாது. ஆப்பிளும் தன் செயலிக் கடையில் விளம்பரம் விற்கிறது. அந்த விளம்பரத்துக்காக முறையான சம்மதம் பெறாமல் போனிலுள்ள அடையாளத்தைப் பயன்படுத்தியதென்று 2022 டிசம்பரில் பிரான்ஸ் நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 80 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2025 மார்ச் 31-ல் அந்நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் மேலும் 15 கோடி யூரோ அபராதம் போட்டது. அனுமதி கேட்கும் நோக்கத்தில் தவறு காணவில்லை என்றும், அதை நிறைவேற்றிய விதமே மற்றவர்களுக்குப் பாரபட்சமானது என்றும் அந்த ஆணையம் கூறிற்று. கூகுள் தேடலைத் தன் சஃபாரி உலாவியில் முதலாவதாக வைத்திருப்பதற்கு, உலகின் மிகப் பெரிய விளம்பரக் கம்பெனியான கூகுளிடமிருந்து ஆப்பிள் 2022-ல் சுமார் 2,000 கோடி டாலர் பெற்றதும் அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. தெருவில் கணக்கெடுப்பவர்களை விரட்டிவிட்டு, கொல்லைப்புறத்தில் பெரிய கணக்கரிடம் வாடகை வாங்குவதற்கு ஒப்பாகும் இது.

கூகுளின் கதை இன்னும் சுருக்கமானது. பின்தொடர உதவும் குக்கிகளைத் தன் உலாவியிலிருந்து இரண்டே ஆண்டில் ஒழிப்பதாக 2020 ஜனவரியில் சொல்லியது. தள்ளித் தள்ளிப் போட்டு 2024 ஜூலையில் அந்த யோசனையையே கைவிட்டது.

லாப நோக்கிலிருந்து நன்மை விளையவே விளையாதா என்றால், விளையும். ரயில் பயணிகளுக்கே தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. முன்பதிவுப் பெட்டியின் கதவோரம் ஜாபிதா ஒட்டுவது பல தலைமுறைப் பழக்கம். பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்தப் படுக்கை எல்லாம் பிளாட்பாரத்தில் நிற்கும் எவரும் படிக்கலாம். தனியே இரவுப் பயணம் செய்யும் பெண்ணின் பெயரும் வயதும் படுக்கை எண்ணும் அங்கே கிடக்கும். பெரிய நிலையங்களில் 2018 மார்ச் முதல் இது நிறுத்தப்பட்டது. பெங்களூர் நகர நிலையத்திலும் யஷ்வந்தபுரத்திலும் அதற்கு முன்பே நின்றுவிட்டது. காரணமாகப் பெரிதும் சொல்லப்பட்டது காகிதச் செலவு மிச்சம் என்பதே. அந்தரங்கம் காப்பாற்றப்பட்டது, ஆனால் அது தற்செயல்.

தற்செயலாக வந்த நன்மை தற்செயலாகவே போய்விடும் என்பதற்கும் ரயிலிலேயே உதாரணம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில், அதாவது மல்லேஸ்வரத்து அறக்கட்டளைக்கு அனுமதி கிடைத்த அதே மாதத்தில், பயணிகளின் தகவல்களைக் கொண்டு வருமானம் ஈட்டுவது எப்படி என்று ஆலோசனை கூற நிபுணர்களைக் கேட்டு ஐ.ஆர்.சி.டி.சி. டெண்டர் விட்டது. ஆட்சேபம் எழுந்து, பாராளுமன்றக் குழுவும் விசாரித்த பிறகு, அம்மாதமே டெண்டர் வாபஸாயிற்று. கவுண்டரில் ரிசர்வேஷன் சீட்டை நிரப்பித் தருகிறவர் சேலத்துக்கோ திருப்பத்தூருக்கோ போவதற்காகத் தன் வயதையும் விலாசத்தையும் எழுதுகிறார். அது வியாபாரச் சரக்காகும் என்று அவர் சம்மதிக்கவில்லை.

ஐபோனின் பெட்டி பற்றிய சர்ச்சை பெங்களூர்த் தமிழ்த் தொழிலாளிகளில் பெரும்பாலோரைத் தொடாது. அவர்கள் கையில் இருப்பது விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன். அதில் அத்தகைய கேள்வியே எழுப்பப்படுவதில்லை. அவர்களைத் தொட்டது வேறு விஷயம்: கடன் செயலி. மாதக் கடைசியில் ஐயாயிரம் தேவைப்படுகிறது. பாங்கில் கேட்டால் ஜாமீன் வேண்டும்; மேஸ்திரியிடம் கேட்டால் முகம் சுளிப்பார். செயலி பத்து நிமிடத்தில் தருகிறது. அதற்குமுன் போனில் உள்ள தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கிறது. மறுத்தால் கடன் கிடையாது. தவணை தவறியதும் ஊரில் உள்ள மாமனாருக்கும், வேலை தந்த முதலாளிக்கும், பழைய வாத்தியாருக்கும் போன் போகிறது. இந்த அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் நாட்டின் பல பகுதிகளிலும் உண்டு.

தொடர்பு எண்கள், படக்கோப்புகள், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றைக் கடன் செயலிகள் தொடக்கூடாது என்று ரிசர்வ் பாங்க் 2022 செப்டம்பரில் விதி செய்தது. அதன் பிறகு, 2023 மே 31 முதல், தன் செயலிக் கடையில் உள்ள கடன் செயலிகளுக்கு இவற்றைக் கூகுளும் தடை செய்தது. எது முன்னே, எது பின்னே என்பதைக் கவனிக்க வேண்டும். கம்பெனிகளின் கருணை சட்டத்தின் காலடிச் சத்தம் கேட்ட பிறகே வருகிறது.

அந்தச் சட்டம் எந்த நிலையில் இருக்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்குப் போட்டவர் கர்நாடக ஹைகோர்ட்டின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி என்பதில் இவ்வூரார் பெருமைப்படலாம். எண்பது வயதைக் கடந்த பிறகு 2012-ல் அவர் தொடுத்த வழக்கு அது. அதையொட்டிப் பல நகல்கள் எழுதிக் கிழிக்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் வெளிவந்தது 2025 நவம்பரில். சம்மதம் பற்றிய முக்கியக் கடமைகளை நிறைவேற்றக் கம்பெனிகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். தீர்ப்புக்கும் அமலுக்கும் இடையே ஒரு குழந்தை பிறந்து நான்காம் வகுப்புக்கு வந்துவிடும்.

சட்டத்தில் குறையும் உண்டு, நிறையும் உண்டு. அரசாங்கம் தன் இலாகாக்களுக்குத் தானே விலக்கு அளித்துக்கொள்ள வழி வைத்திருப்பது பெருங்குறை. மல்லேஸ்வரத்து விவகாரத்தில் கதவைத் திறந்துவிட்டது ஒரு சர்க்கார் அனுமதிக் கடிதம்தான் என்பதை நினைத்தால் இது புரியும். ஆனால் நிறைகளில் ஒன்று நம்மவர்களுக்கு மிக முக்கியம். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வசதி தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். அந்த அட்டவணையின் 22 மொழிகளில் தமிழும் ஒன்று. ஆகவே பெங்களூரில் வேலை பார்க்கும் தர்மபுரிக்காரர் தமிழிலேயே அறிவிப்பைக் கேட்கலாம். எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவு எளிதாகவே திரும்பப் பெறலாம் என்றும், காரியத்துக்குத் தேவையான தகவலுக்கு மேல் கேட்கக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. டார்ச் லைட்டுக்கு இருப்பிடம் எதற்கு என்று இனிச் சட்டப்படியே கேட்கலாம்.

தமிழில் தருவதென்றால் கம்பெனிகள் என்ன செய்யும் என்பதை ஊகிக்க அதிக சிரமம் வேண்டாம். நாற்பது பக்க ஆங்கிலத்தை இயந்திரத்தில் போட்டு, நாற்பது பக்கம் யாருக்கும் விளங்காத தமிழாக எடுத்துத் தரும். தகவல் பாதுகாப்பு வாரியம் இதை அனுமதிக்கக்கூடாது. என்ன தகவல் எடுக்கப்படுகிறது, யாருக்குப் போகிறது, மறுத்தால் என்ன நஷ்டம் என்ற மூன்றும் ஒரே திரையில், எட்டாம் வகுப்புப் படித்தவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும். புகாரையும் தமிழில் எழுதிக் கொடுக்க முடிய வேண்டும். அறிவிப்பு தமிழில், புகார் ஆங்கிலத்தில் என்றால் பாதிக் கதவைத்தான் திறந்ததாகும்.

அவகாசம் முடியும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதியில் விளம்பரம் என்ற தலைப்பு இருக்கும். அங்கே விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். இருப்பிட அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் சொல்லிக் காட்ட ஆள் வேண்டும். அல்சூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விவரம் தெரிந்த கல்லூரி மாணவர் நான்கு பேரை ஒரு மேஜையில் உட்கார வைக்கலாம். வருகிறவர் போனைத் தானே கையில் வைத்துக்கொண்டு, மாணவர் சொல்லச் சொல்லத் தானே அழுத்த வேண்டும். சம்மதத்தைக் காக்க வந்த இடத்தில் போனை இன்னொருவர் கையில் கொடுத்துவிடக்கூடாதல்லவா?