குரோமியத்தைத் தேடாத பரிசோதனை எங்களுக்கு வேண்டாம்

ராணிப்பேட்டை சிப்காட் சுற்றுவட்டாரக் குடிநீர்க் கோரிக்கைச் சாசனம்

மழை விட்ட மறுநாள் குரோமேட் கழிவுமேட்டின் அடியில் மஞ்சள் தண்ணீர் கசிந்து நிற்கும். வெயில் ஏறினால் மண்மேல் மஞ்சள் பொருக்காகக் காயும். நாங்கள் பார்த்து வளர்ந்த காட்சி இது. 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல்.

எங்கள் ஊருக்கு வந்த தண்ணீர்ப் பரிசோதனைக் கிட் பெட்டியைத் திறந்தால் கடினத்தன்மைக்கும் இரும்புக்கும் ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் புட்டி இருக்கிறது. குரோமியத்துக்கு இல்லை. நாலு சொட்டு விட்டு, நிற அட்டையோடு ஒத்துப்பார்த்து, ‘குடிக்க உகந்தது’ என்று எழுதியாகிறது. கிட் பிடிக்கிற அக்காமேல் எங்களுக்குக் குறையில்லை. பெட்டியில் இல்லாததை அவர் எங்கே போய்ப் பார்ப்பார்?

ஆகவே, கழிவுமேட்டையும் தோல் ஆலைகளையும் சுற்றியுள்ள ஒவ்வொரு பொது ஆழ்துளைக் கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் வருஷத்தில் நாலு தடவை ஆய்வகத்தில் குரோமியம் பார்க்க வேண்டும். அதில் ஒன்று மழை முடிந்த கையோடு. மொத்தக் குரோமியம் தனி, ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் தனி. தோல் பதனிடும் உப்பில் இருப்பது வேறு வகை. குரோமேட் கழிவில் இருக்கும் ஹெக்ஸாவேலன்ட்தான் தண்ணீரில் சுலபமாகக் கரைந்து நகர்வது, புற்றுநோய்க் காரணி என்று அறியப்பட்டது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்றே வரம்பு கட்டியிருக்கிறது. வேறு தண்ணீர் இல்லையே என்று அதைத் தளர்த்த இடமில்லை.

மாதிரி எடுப்பது எங்கள் கண்முன் நடக்கட்டும். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். உலோகச் சோதனை பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விடுவார்கள். அதே பாட்டிலில் ஹெக்ஸாவேலன்ட் பார்த்தால் அமிலத்தில் அது உருமாறி, இல்லாததுபோலக் காட்டக்கூடும். இரண்டு பாட்டில் வேண்டும்; இரண்டாவது பாட்டில் அமிலம் படாமல், ஐஸ் பெட்டியில் போக வேண்டும்.

முடிவைத் தேதி, இடம், அளவோடு தமிழில் தொட்டிச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதுங்கள். ‘உகந்தது’ என்ற ஒற்றைச் சொல்லை நாங்கள் ஏற்கமாட்டோம்.

செலவை ஊராட்சி நிதியில் கைவைத்து எடுக்கக் கூடாது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்ததே இந்தப் பாலாற்றங்கரைத் தோல் ஆலை வழக்கில்தான்.

வரம்பு மீறினால் அன்றே அந்தக் குழாயை மூடி, லாரித் தண்ணீர் அனுப்புங்கள். கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 2015 ஜனவரி 31 அன்று 10 தொழிலாளர்களைப் பறிகொடுத்த சிப்காட் இது. ஆபத்தை எங்களுக்கு யாரும் புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை. கேன் வாங்க வசதியுள்ள வீடு தப்பித்துக்கொள்ளும். அங்கன்வாடியிலும் சத்துணவுக் கூடத்திலும் உலை வைப்பது அதே குழாய்த் தண்ணீரில். மறு ஆய்வு வரட்டும் என்று அந்தக் குழாயைத் திறந்துவைத்திருக்காதீர்கள்.