முதுகு வலியும் மூட்டைக் கனமும்

ஜவ்வு விலகி முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட விவசாயி, தையல் ஆறியதும் மண்வெட்டியை எடுத்துவிடுகிறார். கால் வலி போய்விட்டதல்லவா, அந்தத் தைரியம்! நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை நீக்குவதே அந்த அறுவை. ஆகவே காலுக்கு இறங்கும் வலிதான் பெரும்பாலும் குறையும். இடுப்பு வலி பலருக்குத் தங்கிவிடுகிறது. எனக்கும் தங்கியிருக்கிறது. இதைச் சோம்பல் என்று வீட்டார் எண்ணுவது தவறு.

படுத்தே கிடப்பதும் கூடாது. மருத்துவர் சொன்னபடி தினமும் நடக்க வேண்டும். வழுக்கும் வரப்பில் அல்ல, சமமான பாதையில். தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நடவு முடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

16 லிட்டர் கைத்தெளிப்பானை நிரப்பினால் 20 கிலோ வரும். பாதி நிரப்பி இரண்டு நடை கூடுதலாக நடந்தால் குடி முழுகிப் போகாது.

மூட்டைதான் பெரிய வினை. 2018-இல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோ ஆயிற்று. யூரியாவை அளவோடு இடச் செய்வதற்காக வந்த மாற்றம் அது. நம் முதுகுக்காக அல்ல. டி.ஏ.பி. இன்றும் 50 கிலோதான். ஆள் வைக்க இயலாத இரண்டு ஏக்கர்காரர் அதைத் தாமே தூக்குகிறார். உரம் 25 கிலோப் பைகளில் வர வேண்டும் என்று கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களில் விவசாயிகள் கேட்க வேண்டும். பைக்கூலி கூடும் என்பார்கள். கூடட்டும், மறு அறுவையால் ஒரு பட்டம் தரிசாய்க் கிடப்பதைவிட அது குறைவுதான். அதுவரை மூட்டையை வண்டியிலேயே பிரித்து, வாளி வாளியாக அள்ளிச் செல்லுங்கள்.