உங்கள் பணத்தைப் பார்ப்பவரின் பணத்தை யார் பார்க்கிறார்கள்?

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள், இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வையுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் குடும்பத்தோடு ஏற்காடு வந்திருந்தார். சேலத்தில் மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ் தொழில். ஊரில் எல்லோரும் ஆலோசகர் என்கிறோம். சட்டப்படி அவர் விநியோகஸ்தர், ஃபண்ட் கம்பெனி தரும் கமிஷனில் வாழ்பவர். இருநூறு குடும்பங்களாவது அவர் சொல்கேட்டுப் பணம் போட்டிருக்கின்றன. நல்ல பிள்ளை, யாரையும் ஏமாற்றாதவர். காப்பி குடித்துக்கொண்டே சும்மாதான் கேட்டேன், "உன் சொந்தக் காசை யாருப்பா பார்க்கிறாங்க?"

சிரித்துவிட்டார். "என்ன சார் கேள்வி இது? என் காசை நானே பார்த்துக்க முடியலைன்னா ஊரார் காசை எப்படி சார் பார்க்கிறது? இன்னொருத்தர்கிட்டப் போய் யோசனை கேட்டேன்னு தெரிஞ்சா ஒரு கிளையண்ட் மிஞ்ச மாட்டாங்க. நான் சொல்ற ஃபண்டுலதான் சார் என் காசும் இருக்கு. அதைவிட என்ன வேணும்?"

பிள்ளைகள் சேர்வராயன் கோயிலுக்குப் போக அவசரப்பட்டார்கள். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

தம்பி, நீ சொன்னது தப்பு. ஊரார் பணத்துக்கு வழி சொல்கிற ஒவ்வொருவரும் தன் பணத்தை வெளியாள் ஒருவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பத்தாம் வகுப்பு விடைத்தாள் நம் பள்ளியில் திருத்தப்படுவதில்லை. பதிவெண்ணை மறைத்து, வேறு எங்கோ கட்டாகப் போகிறது. பிள்ளை பரீட்சை எழுதுகிற மையத்தில் அப்பா வாத்தியாருக்கு டியூட்டி கிடையாது. இதற்காக எந்த வாத்தியாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. நம்மைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. சொந்தப் பிள்ளையின் தாள் என்றால் சிவப்புப் பேனா தயங்கும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் டாக்டர்களுக்கான மருத்துவக் கவுன்சில், தன் குடும்பத்துக்கு வெளியே ஒரு டாக்டரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர்களுக்கே சொல்கிறது. அங்கே யாரும் "தனக்கே வைத்தியம் தெரியாதவர்" என்று நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடவில்லை.

நம் ஊரில் பணம் என்று பேச்செடுத்தாலே மோசடிக்குப் போய்விடுகிறோம். ஈமு கோழி, ஆருத்ரா, 2025 ஜனவரியில் சேலம் அம்மாப்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் போலீஸ் நுழைந்த கதை. அதெல்லாம் போலீஸ் வேலை. நான் பேசுவது யோக்கியர்களைப் பற்றி.

சட்டமும் யோக்கியதையைத்தான் காவல் காக்கிறது. செபியின் 2013 விதிகளின்படி பதிவுபெற்ற ஆலோசகர், தான் சிபாரிசு செய்யும் முதலீட்டில் தன் பணம் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்குச் சொன்னதற்கு நேர்மாறாகத் தன் கணக்கில் 15 நாளைக்கு எதுவும் செய்யக் கூடாது. வருடம் ஒருமுறை விதிகளைப் பின்பற்றினாரா என்று வெளியாள் தணிக்கை செய்ய வேண்டும். 2021-ல் இன்னொன்று கொண்டுவந்தார்கள். ஃபண்ட் கம்பெனியின் முக்கிய அதிகாரிகள் சம்பளத்தில் 20 சதவீதத்தைத் தாங்கள் நடத்தும் ஃபண்டிலேயே போட வேண்டும், 3 வருடம் எடுக்கக் கூடாது. (பிறகு அதைத் தளர்த்தினார்கள்.) நல்ல விதிகள்தான். ஆனால் எல்லாமே கேட்பது "நீ ஏமாற்றுகிறாயா?" என்று. "நீயே ஏமாந்துபோய் உட்கார்ந்திருக்கிறாயா?" என்று ஒரு விதியும் கேட்கவில்லை.

"என் காசும் அதிலேதான் இருக்கு" என்கிறாயே, அதற்கு வருகிறேன். கனடாவில் ஆயிரக்கணக்கான ஆலோசகர்களின் சொந்தக் கணக்கையும் அவர்களுடைய வாடிக்கையாளர்களின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லின்னன்மா, மெல்சர், பிரிவிடெரோ என்ற மூன்று பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். 2021-ல் ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸில் வெளிவந்தது. ஆலோசகர்கள் பொய் சொல்லவில்லை. ஊருக்குச் சொன்னதையே தாங்களும் செய்திருந்தார்கள். அடிக்கடி வாங்கி விற்றார்கள், நேற்று ஏறியதைத் துரத்தினார்கள், செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டை விட்டுவிட்டுச் செலவு கூடியதைப் பிடித்தார்கள். தொழிலை விட்டு விலகிய பிறகும் அதே பழக்கம். தங்கள் வாடிக்கையாளரின் கணக்கை அப்படியே காப்பி அடித்திருந்தால்கூட அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கும்! ஆக, உன் காசும் அதில் இருக்கிறது என்பது நீ நல்லவன் என்பதற்குச் சாட்சி. நீ சொல்வது சரி என்பதற்கு அது சாட்சி ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது. உன் கமிஷன், வாடிக்கையாளர்களின் பணம் எவ்வளவு மதிப்பில் நிற்கிறதோ அதில் ஒரு பங்கு. 2020 ஜனவரியில் 41,000-க்கு மேல் இருந்த சென்செக்ஸ் மார்ச் 23-ல் 26,000-க்குக் கீழே முடிந்தது. அன்று உன் சேமிப்பு இறங்கியது, உன் வருமானமும் கூடவே இறங்கியது, கதவைத் தட்டிய இருநூறு பேருக்குத் தைரியம் சொல்லும் வேலையும் உன் தலையில். அரசு ஊழியனுக்குச் சந்தை விழுந்தாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வரும், உனக்கு வராது. அதனால் அவனுக்கு நீ சொல்லும் கணக்கு உனக்குப் பொருந்தாது. இதை உன்னிடம் எடுத்துச் சொல்ல உன் அலுவலகத்தில் யார் இருக்கிறார்கள்?

இவ்வளவு பேசும் யோக்கியதை எனக்கு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பெருமைப்படும் கதை இல்லை.

பிப்ரவரி வந்தால் ஸ்டாஃப் ரூமில் எல்லோருடைய வருமானவரிக் கணக்கும் என் மேஜையில்தான். கூடவே இலவச ஆலோசனை. "ஆறு மாதச் செலவுக்கான காசை பேங்கில் தனியாகப் போடுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு முப்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். நான் ஓய்வு பெற்றபோது ஜி.பி.எஃப்., பணிக்கொடை, கம்யூடேஷன் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. நான்கே மாதத்தில் 40 சென்ட் பட்டா நிலம் வாங்கினேன். சில்வர் ஓக் மரம், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி. இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுவதாகத் திட்டம். மலையிடப் பாதுகாப்புக் குழுமம், நாம் ஹாகா என்கிறோமே, அதன் அனுமதி இல்லாமல் இங்கே செங்கல் வைக்க முடியாது என்று ஏற்காட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாதா? தெரியும். நமக்குக் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். நிலத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கணக்கு வாத்தியார் எங்கோ போய்விட்டார்.

அடுத்த வருடமே மனைவிக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன். காப்பீடு போக மீதியை உடனே கட்ட வேண்டும். நிலத்தை ஒரு வாரத்தில் விற்க முடியுமா? அவளுடைய நகையை அடகு வைத்து அவளுக்கே வைத்தியம் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த எங்கள் பள்ளி கிளார்க், குத்திக்காட்டும் எண்ணமே இல்லாமல் கேட்டார். "சார், எங்களுக்கெல்லாம் சொல்வீங்களே, அந்த ஆறு மாசக் காசு?"

பத்திரம் பதிவதற்கு முன்னால் அந்த முப்பது பேரில் யாரிடம் காட்டியிருந்தாலும் என்னைத் தடுத்திருப்பார்கள். நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்தே தடுத்திருப்பார்கள். காட்டவில்லை. காரணம், தம்பி, நீ சொன்ன அதே காரணம்தான். எல்லோருக்கும் கணக்குப் போடுகிறவன் போய் யாரிடம் கேட்பது?

வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தால் சேலத்தில் கேட்க வேண்டாம். கோவைக்குப் போ, சென்னைக்குப் போ. கமிஷன் வாங்காமல் கட்டணம் மட்டும் வாங்கும் பதிவுபெற்ற ஆலோசகர்களின் பட்டியல் செபி இணையதளத்தில் இருக்கிறது. போகும்போது உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போ. இருநூறு வீட்டில் நாமினி போட்டாயா என்று கேட்கிறாய். உன் பாலிசி, உன் ஃபோலியோ நம்பர் எங்கே இருக்கிறது என்று உன் வீட்டில் தெரியுமா? மற்ற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பணத்தைப் பார்ப்பவரிடம் அடுத்த முறை இந்தக் கேள்வியைக் கேளுங்கள். கோபப்பட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

இதை எழுதி முதலில் அவருக்குத்தான் வாட்ஸாப்பில் அனுப்பினேன். "முதல்ல நீங்க காட்டுங்க சார்" என்று பதில் வந்தது. நியாயம்தானே. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பஸ் மாறி, கோவையில் ஒருவரிடம் கட்டணம் கட்டி என் ஃபைலை நீட்டினேன். ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். "இந்த நிலத்தை விற்கப் போறீங்களா சார், இல்லை பார்த்துக்கிட்டே இருக்கப் போறீங்களா?"

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "விற்கிறோம்" என்றாள்.

இப்போது உன் முறை, தம்பி.