ஆற்றுப்படுத்தாத பாணர்கள்

முதுகலைத் தமிழும் ஆய்வுப் பட்டமும் முடித்து வேலை தேடும் மாணவர்க்கு நாம் வழங்கிவரும் அறிவுரை ஒன்றே ஒன்று: "கிடைத்த இடத்தில் சேர்ந்துகொள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." தமிழ்த்துறை ஆசிரியர் அறைகளில் தலைமுறைகளாக ஒலிக்கும் இதைவிடக் கேடானதோர் அறிவுரை வேறில்லை. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சுவதில்லை. சேரும் நாளிலேயே மூலச் சான்றிதழ்கள் அலுவலகப் பெட்டகத்துள் சென்றுவிடுகின்றன. அதன் பின்னர் நாம் ஆராய்வதற்கு எஞ்சுவது நம் தலைவிதி மட்டுமே.

இதில் வேடிக்கை என்னவெனில், புரவலரை எடைபோடுவதையே தொழிலின் ஒரு கூறாகக் கொண்டிருந்த புலவர்களை நாம் பாடமாக நடத்துகிறோம். தம்மை நேரிற் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். இளவெளிமான் கொடுத்த சிறு பரிசிலையும் கொள்ளாது குமணனிடம் சென்று யானை பெற்று, அதைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல் மரத்திலேயே கட்டினார். இவற்றை முற்பகல் வகுப்பில் உணர்ச்சி பொங்க விளக்கிவிட்டு, பிற்பகலில் தாளாளர் அறை வாயிலில் இரண்டு மணி நேரம் கைகட்டி நிற்பவர்கள் நாம். வறுமையின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க இயலாது. தம் வீட்டுப் பசியை அவர் குமணனிடம் பாடியிருக்கிறார். அதைப் படித்தவர் நம் வறுமையைப் பெரிதென்று சொல்லக் கூசுவர்.

"நமக்குக் குமணன் எங்கே?" என்று கேட்பர். நியாயமான கேள்விதான். வேறு வழியின்றி ஒரு வேலையை ஏற்பது இழிவன்று. அறிந்து ஏற்பதற்கும் அறியாமல் ஏற்பதற்கும் உள்ள வேற்றுமையைத்தான் இங்கே பேசுகிறோம்.

ஊதியத்தை எல்லோரும் கேட்கிறார்கள். ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கே வகுப்புக்கு 1,500 ரூபாய் வரை, மாதம் 50,000 ரூபாய்க்கு மிகாமல் வழங்கலாம் என்று 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. அதில் பாதியைக்கூடத் தொகுப்பூதியமாகத் தராத சுயநிதிக் கல்லூரிகள் ஏராளம் என்பதும் எல்லோரும் அறிந்ததே. கேட்கப்படாத கேள்விகள் வேறு. வங்கியில் விழும் தொகை முழுவதும் நம்முடையதா, அல்லது ஒரு பகுதியைப் பணமாகத் திருப்பித் தர வேண்டுமா? மே மாதத்திற்கு ஊதியம் உண்டா? அந்த மே மாதத்தில் பிளஸ் டூ மாணவரின் முகவரிப் பட்டியலோடு ஊர் ஊராய் அனுப்புவார்களா, தலைக்கு எத்தனை சேர்க்கை என்று இலக்கு வைப்பார்களா? பணி நியமன ஆணையை எழுத்தில் தருவார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றுண்டு: நாம் அமரப்போகும் நாற்காலியில் இதற்கு முன் இருந்தவர் யார், அவர் ஏன் போனார்? நேர்காணலில் இதைக் கேட்டால் தாளாளரின் முகம் மாறும். அந்த மாற்றமே பாதி விடை. (பெண் விண்ணப்பதாரரிடம் திருமணம் எப்போது, குழந்தை எப்போது என்று கேட்கக் கூசாதவர்கள், நம் கேள்விக்கு மட்டும் முகம் சுளிப்பது தனிச் சிறப்பு.)

கட்டடத்தையும் நாக் தரப் புள்ளியையும் கண்டு மயங்குவோர்க்கு இரண்டு செய்திகள். பல பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டதை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. 2025 பிப்ரவரியில், கையூட்டு வழக்கொன்றில் நாக் ஆய்வுக்குழுவினரையே மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. ஆகவே தரப் புள்ளியை விட்டுவிட்டு, அதற்காகக் கல்லூரியே தன் இணையதளத்தில் ஏற்றிவைத்திருக்கும் தன்மதிப்பீட்டு அறிக்கையைப் படிக்க வேண்டும். அதில் ஆசிரியர் பட்டியல் இருக்கும். முந்தைய ஆண்டறிக்கைகளின் பட்டியலை அருகில் வைத்து ஒப்பிட்டால் போதும். பாடபேதம் பார்க்கப் பயின்ற நமக்கு இஃது எளிய வேலை. துறையில் பாதிப் பெயர்கள் ஆண்டுதோறும் மாறுமாயின் அங்கே ஏதோ அழுகிக் கிடக்கிறது என்று பொருள்.

சான்றிதழ் விஷயத்தில் ஐயமே வேண்டாம். கல்விச் சான்றிதழ் சந்தைச் சரக்கன்று, அதைப் பிணையாகப் பிடித்துவைக்கும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை என்று மாணவர் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆசிரியரின் சான்றிதழ் மட்டும் எப்படிச் சரக்காகும்? சரிபார்க்கக் காட்டலாம்; நகல் தரலாம்; மூலத்தை விட்டுவரக் கூடாது. பணிக்கொடையும் அப்படியே. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் ஆசிரியரையும் அதற்கு உரியவராக்கியது, 2022இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதைக் கேட்டு வியப்போடு விழிக்கும் பேராசிரியர்கள் இன்றும் உண்டு.

நம் பெருங்குற்றம் வேறொன்று. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பெற்று வந்தவன் பெறாதவனுக்கு வழி சொல்லும் இலக்கியம் அது. மலைபடுகடாம் வழியிலுள்ள இடர்களையும் ஒளிக்காமல் சொல்கிறது. வழுக்கும் பாறை எங்கே, பாம்பு எங்கே, புனங்காவலர் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும் என்று எதிர்வரும் கூத்தனை எச்சரிக்கிறது. நாமோ ஒரு கல்லூரியில் மூன்றாண்டு நொந்து வெளியேறியதும், அங்கே விண்ணப்பிக்கும் நம் மாணவனிடமே "பரவாயில்லை, நல்ல இடந்தான்" என்கிறோம். அனுபவச் சான்று வரவேண்டும், பணிவிடுப்புச் சான்று வரவேண்டும், தாளாளர்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள் என்று அச்சம். அவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்பது உண்மையே. நம்மைப் பற்றி அவர்களுக்குள் ஓர் ஆற்றுப்படை ஓயாது நடந்துகொண்டிருக்கிறது. அவர்களைப் பற்றி நமக்குள்தான் ஒன்றுமில்லை. ஏப்ரலில் நேர்காணல் அழைப்புகள் வரத் தொடங்கும். அழைப்பைப் பெற்ற மாணவன் நம்மிடம் வந்து "ஐயா, அந்தக் கல்லூரி எப்படி?" என்று கேட்பான். மூன்றாண்டில் எத்தனை மாத ஊதியம் நிலுவையில் நின்றது என்பதை அவனுக்குச் சொல்ல அரை நிமிடம் ஆகும்.