பாட்டி வேடம் உண்டு, பாட்டிக்கு இடமில்லை

வயதான பெண்ணை மையமாக வைத்தால் படம் ஓடாது என்று சொல்லிக்கொண்டிருந்த தமிழ்த் திரையுலகம் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2022 இறுதியில் வெளியான ‘செம்பி’யில் அறுபது வயதுக் கோவை சரளாதான் கதையைச் சுமந்தார். 2024இல் வந்த ‘ஜே.பேபி’யை ஊர்வசி ஏறக்குறைய தனியாளாகத் தூக்கி நிறுத்தினார். அம்மா வேடத்தில் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவே வந்திருப்பது நல்லதுதான். எந்த அம்மாக்கள் வந்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

‘செம்பி’யின் வீரத்தாய், தேனெடுக்கும் மலைவாழ் பழங்குடிப் பெண். கோவை சரளா உழைத்து நடித்திருக்கிறார். அவர்மீது எனக்குக் குறையில்லை. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்களிடையே ஆய்வு செய்கிறேன். ஜமுனாமரத்தூர் அருகே ஒரு வீட்டில் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்தோம். சாமை புடைத்துக்கொண்டே பார்த்த பாட்டி, “இந்தம்மா எந்த மலை, பாப்பா?” என்றார். எந்த மலையும் இல்லை, நடிகை என்றேன். “அதான் பேச்சு வேறயா இருக்குது” என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்டினார். ஆறு ஆண்டுப் படிப்பில் நான் வாசித்த எந்தத் திரை விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

பழங்குடி மூதாட்டி ஒருவருக்கே வாய்ப்புக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை அட்டப்பாடி காட்டிவிட்டது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா, மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர். ‘அய்யப்பனும் கோஷியும்’ (2020) படத்தில் தன் மொழியில் பாடியதற்காக 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். உடனே கிளம்பியது புலம்பல்: சுருதி சேர்த்துப் பாடத் தெரியாதவருக்கு விருதா, ஆயுள் முழுக்கச் சங்கீதம் கற்றவர்களுக்கு அவமானமில்லையா? கற்கும் வாய்ப்பு யார் வீட்டுத் திண்ணையில் இருந்தது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. விருதுக்குப் பிறகும் தன் குடும்பத்து நிலத்தை மீட்க நஞ்சியம்மா அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. கைதட்டிய அரங்கு நிலத்தை மீட்டுத் தராது.

நம் ஊர்க் கதை மட்டும் என்ன? பரவை முனியம்மாவை முதிய வயதில் ‘தூள்’ (2003) ஊருக்கெல்லாம் அறிமுகப்படுத்தியது. நோயும் வறுமையும் வந்தபோது கைகொடுத்தது அரசு உதவி: 2015இல் 6 லட்சம் ரூபாய் வைப்பு நிதி, அதிலிருந்து மாதம் 6,000 ரூபாய். அத்தனை படங்களில் பாடி நடித்தவருக்கு அந்தத் தொழில் ஒரு முதுமையைச் சேர்த்து வைக்கவில்லை.

தெரிந்த முகம் இருந்தால்தான் ஓடிடி வாங்கும் என்பார்கள். ‘ஜே.பேபி’ நீலம் தயாரித்த, நம் பக்கத்துப் படம். அங்கேயும் மையத்துக்குத் தெரிந்த முகம்தான் தேவைப்பட்டது. சந்தையின் கணக்கு புரிகிறது. ஆனால் இளம் நாயகர்களைப் புதுமுகமாக இறக்கத் துணியும் நம் இயக்குநர்கள், ஒரு மூதாட்டியைப் புதுமுகமாக இறக்கத் தயங்குவது ஏன்?

சிறு முதலீட்டுப் படங்களுக்குத் தமிழக அரசு மானியம் தருகிறது. பழங்குடி வாழ்வைக் காட்டும் படம் மானியம் கேட்டால், அந்தச் சமூகத்தார் எத்தனை பேர் பெயருள்ள பாத்திரத்தில் நடித்தார்கள், என்ன சம்பளம் வாங்கினார்கள் என்று கணக்குக் கேட்கட்டும். கூட்டத்தில் நிற்க வைத்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நடிகர் தேர்வையும் சென்னையில் வைக்காமல் மலைக்கு மேலே வைக்கட்டும். சாமை அறுவடை முடிந்த பிறகு வந்தால், பாட்டிகள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள்.