நிழல் காட்டிய நேரம்

கேள்வி: திருவிசநல்லூர் கோயில் சுவரில் சூரியக் கடிகாரம் பார்த்தோம். அந்தக் காலத்தில் பகல் நேரத்தை எப்படிக் கணக்கிட்டார்கள்? எல்லா ஊரிலும் ஒரே கணக்குதானா?
- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஒரே கணக்கு இல்லை. நிழல் எல்லா ஊரிலும் விழுந்தது. ஆனால் எங்கிருந்து எண்ணுவது, ஒரு மணி எவ்வளவு நீளம் என்பதை ஒவ்வொரு நாட்டாரும் தங்கள் தேவைப்படி வைத்துக்கொண்டார்கள்.

பழைய ரோமில் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை 12 பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு ஒரு மணி. பகல் நீண்டால் மணியும் நீளும். அங்கே கோடையில் பகல் சுமார் 15 மணி நேரம், குளிர்காலத்தில் சுமார் 9 மணி நேரம். ஆகவே கோடையின் ஒரு மணி இன்றைய கணக்கில் 75 நிமிடத்துக்குச் சற்று மேல். குளிர்காலத்தில் 45 நிமிடம்தான். ஆறாம் மணி என்றால் எந்த மாதத்திலும் உச்சிப்பொழுது.

ரோமர்களுக்கு ஒரு சங்கடமும் நேர்ந்தது. கி.மு. 263-ல் சிசிலித் தீவின் கட்டானியா நகரிலிருந்து ஒரு சூரியக் கடிகாரத்தைக் கொண்டுவந்து ரோமில் வைத்தார்கள். கட்டானியா ரோமுக்குத் தெற்கே சுமார் 4 பாகை தள்ளி இருக்கிறது. அந்த ஊர் வெயிலுக்கு வரைந்த கோடுகள் ரோமின் நிழலுக்குப் பொருந்தவில்லை. அப்படியும் 99 ஆண்டுகள் அதையே பார்த்து வந்தார்கள் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். கி.மு. 164-ல்தான் ரோமுக்கு ஏற்றபடி வேறொன்று வைக்கப்பட்டது. வேறு வட்டாரத்தின் விதைப்புப் பட்டத்தை அப்படியே நம் வயலில் கடைப்பிடிப்பதும் இப்படித்தான்.

பிற்காலத்தில் இத்தாலியில் சூரியன் மறையும் நேரத்தை 24 என்று வைத்து எண்ணினார்கள். இரவும் பகலும் சேர்த்து 24 சம மணிகள். கடிகாரத்தில் நிழல் 22-ஐத் தொட்டால், இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம். ஆனால் உச்சிப்பொழுது கோடையில் சுமார் பதினாறரை, குளிர்காலத்தில் சுமார் பத்தொன்பதரை என்று மாறும். காட்டில் வேலை செய்பவருக்கு அது பெரிய குறையில்லை. மிச்ச வெளிச்சம் எவ்வளவு என்பதே அவருக்குத் தேவை. உதயத்திலிருந்து எண்ணும் கணக்கும் ஐரோப்பாவில் இருந்தது. அதை பாபிலோனிய மணி என்றார்கள்.

நம்முடைய நாழிகைக் கணக்கும் உதயத்திலிருந்து தொடங்குவதுதான். நாள் ஒன்றுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். நாழிகையின் நீளம் எல்லா மாதமும் ஒன்றே. ரோமர்களைப் போலப் பகலைப் பங்கிடும் முறையும் நம்மிடம் உண்டு. ராகு காலம் என்பது பகலில் எட்டில் ஒரு பங்கு. காலண்டரில் அதை ஒன்றரை மணி என்று அச்சிடுகிறார்கள். தஞ்சாவூரில் அந்தப் பங்கு டிசம்பரில் சுமார் 86 நிமிடம், ஜூனில் சுமார் 96 நிமிடம்.

இன்றைக்கு விவசாயிக்கு உதவுவது இத்தாலியர் கணக்கு. "மாலையில் மருந்து தெளியுங்கள்" என்றால் பலரும் 4 மணி என்று எடுத்துக்கொள்கிறார்கள். தஞ்சாவூர்ப் பகுதியில் ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறைய 6.38 ஆகும். நவம்பரில் 5.45-க்கே மறைந்துவிடும். அதே 4 மணிக்குத் தொடங்கினால் ஜூலையில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். நவம்பரில் இரண்டு மணி நேரம்கூட இருக்காது. எனவே தெளிப்புக்கும் நடவு ஆட்களுக்கும் அஸ்தமனத்திலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள்.

உங்கள் ஊர் உச்சிப்பொழுதை நீங்களே கண்டுபிடிக்கலாம். சமமான தரையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். காலை பதினொன்றரை முதல் பன்னிரண்டே முக்கால் வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் அடையாளம் வையுங்கள். நிழல் மிகக் குறுகிய நேரமே உச்சி. அந்த நிழல் தெற்கு வடக்காகக் கிடக்கும். தஞ்சாவூரில் உச்சி வருஷத்துக்குள் சுமார் 11.57 முதல் 12.28 வரை மாறும். சித்திரையிலும் ஆவணியிலும் சில நாட்கள் உச்சியில் நிழலே இருக்காது. அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.